வெறுங்கையோடு வாருங்கள்

மதுரை,
11.2.2025

அப்பா,

நீங்கள் பத்திரமாக வீடு சேர்ந்துவிட்டதாக அம்மா போனில் சொன்னாள். "உங்கப்பா வந்ததுல இருந்து வாயே தொறக்கல, என்னடி ஆச்சு அங்கன?" என்று கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவள் உங்கள் காதோரம் வந்து கத்துவாள். உங்களுக்குக் கேட்பதற்குள் பாதி ஓடைப்பட்டிக்குக் கேட்டுவிடும். கிணறு வெட்டப் போய் வெடிச் சத்தத்தில் காதைப் பறிகொடுத்த மனிதரோடு போனில் சண்டையும் போட முடியாது, சமாதானமும் ஆக முடியாது. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ஹைகோர்ட்டில் பயிற்சிக்குச் சேர்ந்து முழுசாக ஒரு வாரம்தான் ஆகிறது. வீட்டில் வக்கீலோ ஜட்ஜோ இல்லாத, முதல் தலைமுறையாகப் படிக்கிற பிள்ளைகளில் ஆறு பேரை மட்டும் பொறுக்கி, இரண்டு மாதம் நீதிபதிகளிடம் வேலை பழக விட்டிருக்கிறார்கள். மற்ற பிள்ளைகள் அப்பா மூலமாக, மாமா மூலமாக உள்ளே வருவார்கள். எங்களுக்கு இந்த ஒரு கதவுதான். அந்தக் கதவுக்கு முன்னால் வந்து, இரண்டு பெட்டித் திராட்சையை இறக்கி வைத்துவிட்டு, "நாகஜோதி அப்பா வந்திருக்கேன், ஜட்ஜம்மாவுக்குக் குடுக்கணும்" என்று சத்தம் போட்டுச் சொன்னீர்களே, அது என்ன காரியம் அப்பா?

நீதிபதியின் தபேதார், அந்த வெள்ளை உடுப்பும் சிவப்புப் பட்டையும் போட்ட பெரியவர், என்னிடம் ஓடி வந்து, "யாரும்மா அது? பெட்டியோட நிக்காரு. மொதல்ல அனுப்பு" என்றார். நான் வாசலுக்கு வந்தேன். மெதுவாகத்தான் ஆரம்பித்தேன். உங்களுக்குக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன், சிரித்துக்கொண்டே பெட்டியைத் திறந்து காட்டினீர்கள். அப்புறம்தான், "ஒண்ணும் வேணாம், எடுத்துட்டுப் போங்க!" என்று அந்தக் கத்து கத்தினேன். பாஸ் வாங்க வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

நீதிபதிக்கு யாரும் ஒரு வாழைப்பழம்கூடக் கொடுக்கக் கூடாது. அது உங்களுக்குத் தெரியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கோபம் வந்தது. ராத்திரி முழுக்க நீங்கள் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு ரோட்டைக் கடந்து போனதே கண்ணில் நின்றது. சாப்பிட்டீர்களா என்றுகூட நான் கேட்கவில்லை.

நாகஜோதி


ஓடைப்பட்டி,
14.2.2025

அன்பு மகள் நாகஜோதிக்கு,

இங்கே நானும் உன் அம்மாவும் பந்தலில் கொடியும் சுகமாக இருக்கிறோம். உன் கடிதத்தைத் தோட்டத்தில் வைத்து இரண்டு தரம் படித்தேன். எட்டாம் வகுப்போடு நின்றவனுக்கு உன் கையெழுத்து கொஞ்சம் கஷ்டம். வக்கீல் ஆவதற்குள் திருத்திக்கொள்.

நான் கோபமாக இல்லை. வாயைத் திறக்காமல் இருந்ததற்குக் காரணம் வேறு. நீ கத்தியது எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்டது. அத்தனை தெளிவாக ஒரு குரலைக் கேட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று. பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். திட்டாக இருந்தால் என்ன, கேட்டதே.

நம் வழக்கத்தில் ஒருத்தரைப் பார்க்கப் போனால் வெறுங்கையை வீசிக்கொண்டா போவோம்? நீ பிறந்தபோது பிரசவம் பார்த்த நர்சம்மாவுக்குப் பழம் கொண்டுபோனேன். உன்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்த டீச்சருக்குக் கொண்டுபோனேன். இப்போது ஒரு ஜட்ஜம்மா என் மகளைத் தன் அறையில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்றால் எப்படிச் சும்மா வருவேன்? வியாபாரிக்கு என்று வைத்திருந்ததில் நல்ல கொத்தாக நானே பார்த்துப் பார்த்து வெட்டினேன். இப்போது வண்டி தோட்டத்துக்குள் வருவதில்லை அல்லவா, ஒரு மைல் தலைச்சுமையாகத்தான் ரோட்டுக்குக் கொண்டுவந்தேன்.

பழம் வீணாகப் போகவில்லை. ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் பிரித்து எல்லாருக்கும் கொடுத்துவிட்டேன். ஒரு அம்மா மட்டும், "எதுக்குண்ணே சும்மா குடுக்கீக?" என்று கேட்டாக. வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டு, "எம்மக ஹைகோர்ட்டுல இருக்கா" என்றேன். கைக்குழந்தைக்கு என்று இன்னொரு கொத்து வாங்கிக்கொண்டாக.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நம் வண்டிப்பாதையைப் பிளாட் போடுகிறவன் வேலி போட்டு அடைத்தானே, அந்தக் கேஸும் மதுரையில்தான் நடக்கிறதாம். உன் மாமன் தங்கபாண்டி முன்னால் நின்று போட்ட கேஸ். இருபத்திரண்டு பேர் கையெழுத்துப் போட்டோம். உன் கோர்ட்டுக்குப் பக்கத்தில் எங்கேயாவதுதான் இருக்கும். பார்த்தால் சொல்.

வேளாவேளைக்குச் சாப்பிடு ஆத்தா.

உன் அப்பா,
ஒச்சாண்டி


மதுரை,
17.2.2025

அப்பா,

பக்கத்தில் இல்லை. இதே கோர்ட். அதுவும் எங்கள் நீதிபதி சுகிர்தம் அம்மாவிடமே இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஓடிப்போய் விசாரணைப் பட்டியலைத் தேடினேன். வருகிற 27ஆம் தேதி வழக்கு வருகிறது. மனுதாரர் தங்கபாண்டியும் மற்றும் இருபத்தொருவரும். பதினாலாவது பெயர் உங்களுடையது.

ஏன் அப்பா என்னிடம் சொல்லவில்லை? நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும். யார் காகிதத்தை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தண்ணீர் பாய்ச்சப் போய்விடுவீர்கள். நானும் கேட்கவில்லை. சட்டம் படிக்கிறவள், நம்மில் யார் பேரிலாவது வழக்கு இருக்கிறதா என்று ஒரு தரம் வீட்டில் கேட்டிருக்க வேண்டாமா?

விஷயம் இதுதான். சேர்ந்த அன்று ஒரு படிவம் கொடுத்தார்கள். 'என் குடும்பத்தினர் எவருக்கும் இந்த நீதிமன்றத்தில் வழக்கு இல்லை' என்று அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது பொய் என்று இப்போது தெரிகிறது. போதாததற்கு, வழக்குப் போட்டவர் ஒருத்தர் வழக்கு வருவதற்கு இரண்டு வாரம் முன்னால் நீதிபதிக்குப் பெட்டி பெட்டியாகப் பழம் கொண்டுவந்திருக்கிறார். வேலி போட்டவனின் வக்கீலுக்கு இது தெரிந்தால் எப்படிப் பேசுவார் என்று யோசித்துப் பாருங்கள்.

உண்மையைச் சொன்னால் என்னை அனுப்பிவிடலாம். அடுத்த வருஷம் நம் பக்கத்துப் பிள்ளை எதையும் எடுக்க வேண்டாம் என்று இவர்கள் நினைத்துவிட்டால்? உங்கள் வழக்கும் தள்ளிப் போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. தபேதாருக்கு உங்கள் முகம் தெரியும், பெயர் தெரியாது. இதை எழுதும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் நினைத்தேன் அப்பா, அதை உங்களிடம் மறைக்க முடியவில்லை.

இங்கே ஏற்கெனவே நான் வாயைத் திறந்தாலே பக்கத்தில் இருப்பவர்கள் திடுக்கிடுகிறார்கள். "மெதுவா பேசுங்க, இது சேம்பர்" என்று கூடப் பயிற்சிக்கு வந்த பையன் தினமும் சொல்கிறான். உங்களோடு பேசிப் பேசி வந்த குரல். அதை அடக்கிக்கொண்டு எப்படியோ பழகிவிட்டேன். இந்த இடத்தை விட்டுப் போக எனக்கு மனசில்லை.

என்ன செய்ய?

நாகஜோதி


ஓடைப்பட்டி,
20.2.2025

அன்பு மகளுக்கு,

கடிதம் வந்ததும் நேரே தங்கபாண்டியிடம் போனேன். என் பேரை எடுத்துவிடு என்றேன். அவன் சிரித்தான். "என்ன மச்சான், கிறுக்குப் புடிச்சிருக்கா? நம்ம புள்ள அந்த ஜட்ஜம்மாகிட்டயே இருக்குன்னா, அது சாமி குடுத்தது. வாய மூடிக்கிட்டு இரு" என்றான். அவன் மெதுவாகத்தான் சொன்னான். அப்படி மெதுவாகச் சொல்கிற பேச்சு எனக்கு உதட்டைப் பார்த்தாலே புரிந்துவிடும்.

சாயங்காலம் நாலு பேர் வீட்டுக்கு வந்தாக. உன் அம்மா காப்பி போட்டுக் கொடுத்தாள். "நாகஜோதிகிட்ட ஒரு வார்த்த மட்டும் சொல்லச் சொல்லுங்க" என்று கேட்டாக. தப்பானவர்கள் இல்லை. அறுப்பு நேரம். ஒவ்வொரு கொத்தும் தலைச்சுமையாக வர வேண்டியிருக்கிறது. பழம் நசுங்குகிறது, வியாபாரி முகத்தைச் சுளிக்கிறான். அவர்கள் கஷ்டம் எனக்கும் உண்டு. ஆனால் என்னைப் பார்க்க வராதவர்கள் எல்லாம் அன்றைக்கு என்னிடம் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

நான் ஒரு முடிவு பண்ணியிருக்கிறேன். திங்கட்கிழமை உத்தமபாளையம் வக்கீலிடம் போய் என் பேரை வாபஸ் வாங்குகிறேன். பேர் இல்லாவிட்டால் நீ போட்ட கையெழுத்தும் பொய்யில்லை. நீ யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. பாதை திறந்தால் மற்றவர்கள் வண்டி ஓட்டட்டும். நான் பின்னாலேயே நடந்து போய்க்கொள்கிறேன்.

பழத்தை நான்தான் கொண்டுவந்தேன். அந்தப் பிசகை நானே சரி செய்கிறேன். நீ படிப்பைப் பார்.

உன் அப்பா,
ஒச்சாண்டி


மதுரை,
22.2.2025

அப்பா,

இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைப்பதற்குள் திங்கட்கிழமை போய்விடும். அதனால் அம்மாவுக்குப் போன் போட்டு, "அப்பா உத்தமபாளையம் போகக் கூடாது" என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். தெருவே கேட்டாலும் பரவாயில்லை, கத்திச் சொல்லச் சொன்னேன்.

பேரை எடுக்க வேண்டாம். மூடி மறைத்த மாதிரி ஆகிவிடும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்தப் பாதை உங்களுடையது. நான் இரண்டு மாதம் ஒரு நாற்காலியில் உட்காருவதற்காக நீங்கள் ஆயுசுக்கும் தலைச்சுமை தூக்க வேண்டுமா? அப்படி ஒரு படிப்பு எனக்கு வேண்டாம்.

நேற்று மாலை, கோர்ட் கலைந்த பிறகு, நானே நீதிபதி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உங்கள் கடிதம் எனக்கு இன்றுதான் வந்தது. நீங்கள் அங்கே ஒன்றை முடிவு செய்கிறபோது நான் இங்கே வேறொன்றைச் செய்துகொண்டிருந்திருக்கிறேன்.

நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்கள். மெதுவாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன், பயத்தில் சத்தமாக வந்துவிட்டது. வெளியே நின்ற தபேதார் எட்டிப் பார்த்தார். படிவம், பதினாலாவது பெயர் எல்லாம் சொன்னேன். "அந்தப் பழப்பெட்டி கொண்டு வந்தவரா?" என்று கேட்டார்கள். "ஆமாம்மா, எங்கப்பாதான். கோர்ட்டுன்னு நெனச்சுக் கொண்டுவரல, எனக்கு வாத்தியார்னு நெனச்சுக் கொண்டுவந்தாரு" என்றேன்.

"இருபத்தேழாம் தேதி வரைக்கும் சேம்பருக்கு வராதே. லைப்ரரியில் இரு. அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

ஹாஸ்டலில் என் அறையில் இருக்கிற சாஜிதா, நம் உத்தமபாளையத்துப் பெண், "அப்புறம் பாக்கலாம்னா போகச் சொல்லலையே" என்கிறாள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. பெட்டியில் துணியை அடுக்கிவைத்துவிட்டேன்.

நாகஜோதி


ஓடைப்பட்டி,
25.2.2025

ஆத்தா,

உன் அம்மா கத்தினாள். எதிர்வீட்டு நாய்கூட எழுந்து உட்கார்ந்தது. நான் உத்தமபாளையம் போகவில்லை.

நீ சொல்லிவிட்ட விஷயத்தை நானே தங்கபாண்டியிடம் போய்ச் சொன்னேன். வேறு ஆள் சொல்லி அவன் கேட்கக் கூடாது. அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அனுப்பிவிட்டால் அழாதே. பஸ் ஏறி வந்துவிடு. பந்தலில் கொத்து வெட்ட ஆள் பற்றவில்லை. நீ சின்னப் பிள்ளையாக இருக்கும்போது கத்தரியோடு நின்று, வெட்டுவதைவிடத் தின்பதே அதிகம். இப்போதும் அப்படியே வெட்டு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

நீ நெஞ்சில் வைத்து மறைக்காமல் எழுதினாயே, 'நினைத்தேன் அப்பா' என்று. அந்த வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். எனக்கும் அந்த நினைப்பு வந்தது. நான் அதை உனக்கு எழுதவில்லை. நீ என்னைவிட நல்லவளாக இருக்கிறாய்.

உன் அப்பா


மதுரை,
28.2.2025

அப்பா,

பெட்டியைப் பிரித்துத் துணியை மறுபடி அலமாரியில் வைத்துவிட்டேன்.

நேற்று காலை வழக்கைக் கூப்பிட்டார்கள். நான் உள்ளே போகவில்லை. சாஜிதா போய் உட்கார்ந்திருந்தாள். "மனுதாரர் ஒருவரின் மகள் என்னிடம் பயிற்சியில் இருக்கிறார். அதை அவரே வந்து சொன்னார். இந்த வழக்கை நான் விசாரிப்பது முறையல்ல" என்று எல்லார் முன்னிலையிலும் சொல்லி, வேறு நீதிபதிக்கு அனுப்பச் சொல்லிவிட்டார்களாம். கோடை விடுமுறை முடிந்து ஜூன் மாதம்தான் வருமாம். இந்த அறுப்புக்குப் பாதை இல்லை அப்பா. அதற்கு நான்தான் காரணம். தங்கபாண்டி மாமாவிடம் எந்த முகத்தோடு பேசுவேன் என்று தெரியவில்லை.

மத்தியானம் என்னைக் கூப்பிட்டார்கள். "உன்னை அனுப்பிவிடுவேன் என்று நினைத்தாயா?"

"ஆமாம்மா."

"வீட்டில் விசாரிக்காமல் கையெழுத்துப் போட்டது உன் தவறு. இனி எந்தக் காகிதத்திலும் அப்படிப் போடாதே. தெரிந்த பிறகும் சொல்லாமல் இருந்திருந்தால் நிச்சயம் அனுப்பியிருப்பேன்" என்றார்கள். அப்புறம் ஒரு தீர்ப்பை என் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். நான் வழக்கம்போலக் குரலை அமுக்கி வாசித்தேன். நிறுத்தச் சொன்னார்கள். "அன்றைக்கு என்னிடம் பேசினாயே, அந்தக் குரல் எங்கே? அது இந்த அறைக்குப் பெரிசுதான். கோர்ட்டுக்குச் சரியாக இருக்கும். அதைக் குறைத்துக்கொள்ளாதே" என்றார்கள்.

பாத்ரூமில் போய் அழுதேன். அன்றைக்கு வாசலில் உங்களிடம் கத்தியதற்குச் சேர்த்து அழுதேன். மன்னித்துக்கொள்ளுங்கள் அப்பா. முதல் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டியது.

நாகஜோதி


ஓடைப்பட்டி,
9.3.2025

ஆத்தா,

அறுப்பு பாதி முடிந்தது. கழுத்து வலிக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. டீக்கடையில் இரண்டு பேர், "பொறந்த ஊரவிட ஒம்மகளுக்குக் கோர்ட்டு பெருசாப் போச்சோ?" என்று கேட்டாக. காது கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். சில சமயம் இந்தக் காதும் உதவுகிறது.

தங்கபாண்டி என்னோடு இன்னும் பேசவில்லை. ஆனால் நேற்று நான் சுமையோடு வரப்பில் தடுமாறியபோது, பின்னால் வந்து ஒரு பெட்டியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். ரோடு வரைக்கும் திரும்பிப் பார்க்கவே இல்லை. அவனை அப்படியே விடு, ஜூன் வரட்டும்.

மன்னிப்பு எல்லாம் எதற்கு? நீ கத்தாவிட்டால் எனக்கு யார் கத்துவார்கள்?

உன் அப்பா,
ஒச்சாண்டி


மதுரை,
21.3.2025

அப்பா,

வருகிற 28ஆம் தேதி வெள்ளிக்கிழமை எங்கள் பயிற்சி முடிகிறது. அன்று மாலை கோர்ட் வளாகத்து ஹாலில் ஆறு பேரும் ஆளுக்குப் பத்து நிமிஷம், இங்கே கண்டதை எழுதி வாசிக்க வேண்டும். வீட்டில் இருந்து ஒருவர் வரலாம். அம்மா போனில், "உங்கப்பாவே வரட்டும்" என்று சொல்லிவிட்டாள்.

பாஸ் இதோடு வைத்திருக்கிறேன். தங்கள் வழக்கு எந்தக் கோர்ட்டில் இருக்கிறது, எப்போது வருகிறது என்றே தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறவர்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். உங்களிடம் கேட்காமல் உங்களைப் பற்றி எழுதிவிட்டேன், பெயர் போடவில்லை.

ஒன்றே ஒன்று. வெறுங்கையோடு வாருங்கள். ஒரு கொத்துகூட வேண்டாம்.

நாகஜோதி


ஓடைப்பட்டி,
30.3.2025

அன்பு மகள் நாகஜோதிக்கு,

நேற்று முழுக்கத் தண்ணீர் பாய்ச்சுகிற முறை நம்முடையது, அதனால் எழுத முடியவில்லை. பஸ் ஸ்டாண்டில் உன்னிடம் சரியாகப் பேசவும் இல்லை. நீ பேசப் பேச உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

வெறுங்கையோடு வருவது லேசான காரியம் இல்லை ஆத்தா. ஓடைப்பட்டியில் பஸ் ஏறியதில் இருந்து கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சட்டைப் பைக்குள் விட்டேன், பின்னால் கட்டினேன், மடியில் வைத்தேன். ஹால் வாசலில் அந்தத் தபேதார் என்னை அடையாளம் கண்டுகொண்டார். முதலில் என் இரண்டு கையையும்தான் பார்த்தார். நானே விரித்துக் காட்டினேன். சிரித்துவிட்டு, "உள்ள போங்கண்ணே, முன்னாடி எடம் இருக்கு" என்றார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முன்னால் இருந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

உனக்கு முன்னால் மூன்று பேர் வாசித்தார்கள். நல்ல பிள்ளைகள், நன்றாகத்தான் வாசித்திருப்பார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மைக் வாயை மறைத்ததால் உதட்டையும் பார்க்க முடியவில்லை. சரி, மகளை ஒரு தரம் பார்த்துவிட்டுப் போவோம், அது போதும் என்று இருந்தேன்.

நீ வந்தாய். மைக்கைத் தள்ளி வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தாய்.

கேட்டது. 'பதினாலாவது பெயர்' என்று நீ சொன்னது கேட்டது. 'அவருக்கு வழக்கு எண் தெரியாது, ஆனால் ஒவ்வொரு நாளும் அந்தப் பாதையின் நீளம் அவர் கழுத்துக்குத் தெரியும்' என்று சொன்னது கேட்டது. பத்து நிமிஷமும் ஒரு சொல் விடாமல் கேட்டேன். பக்கத்தில் இருந்தவர் என்னைப் பார்த்துவிட்டுத் தன் கைக்குட்டையை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

நீ முடித்ததும் நான் எழுந்து நின்று கை தட்டிவிட்டேன். கடைசியில் எல்லாருக்கும் சேர்த்துத்தான் தட்ட வேண்டுமாம், எனக்குத் தெரியாது. அன்றைக்கு வாசலில் திரும்பிப் பார்த்த மாதிரியே எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தாக. ஜட்ஜம்மாவும் பார்த்தாக. நீயும் பார்த்தாய். அன்றைக்கு நீ தலையைக் குனிந்துகொண்டாய். இந்தத் தடவை நீ குனியவில்லை. அப்புறம் தபேதார் வாசலில் நின்றபடியே தட்ட ஆரம்பித்தார், மற்றவர்களும் தட்டினார்கள்.

நீ சொன்னது சரிதான். கையில் பெட்டி இருந்திருந்தால் என்னால் தட்டியிருக்க முடியாது.

உன் அப்பா,
ஒச்சாண்டி